ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்பு: வீட்டிலேயே மாற்றலாமா, கூடாதா?

இரவுப்பறவை
எல்லோருக்கும் வணக்கம். என் கார் பழையது. ஹெட்லைட்டில் எச்4 ஹாலஜன் பல்பு (லோ பீம், ஹை பீம் இரண்டும் ஒரே பல்பில்), ரிஃப்ளெக்டர் வகை, அதாவது பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணம்தான் ஒளியைச் சாலைக்குத் திருப்பும். லோ பீம் போட்டால் வண்டிக்கு முன்னால் மங்கலாகக் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். மழை பெய்தால் அதுவும் தெரிவதில்லை. அதே எச்4 அளவில் எல்இடி பல்பு கிடைக்கிறது, பழையதைக் கழற்றி இதைச் செருகினால் போதும், ஒயரைக்கூட வெட்ட வேண்டாம் என்கிறார்கள். சின்னச் சின்ன வேலைகளை நானே செய்துகொள்வேன். இதைச் செய்யலாமா? செய்தவர்களும் வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

வெள்ளொளி
தாராளமாகச் செய்யுங்கள். நான் மாற்றி வெகுநாள் ஆகிறது. இரவில் வண்டி ஓட்டுவதே இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது. எச்4 ஹாலஜன் லோ பீமில் 55 வாட் சாப்பிட்டு 1000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தருகிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. எல்இடி அதில் பாதி வாட்டில் அதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் தரும். மாட்டி முடித்ததும் சுவரில் அடித்துப் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். மொத்தமே அரை மணி நேர வேலை.

மின்னோட்டம்
வெளிச்சம் கூடுவது உண்மை. அது எங்கே போய் விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு எச்4 பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள் (கண்ணாடியில் விரல் படக் கூடாது, அடிப்பாகத்தைப் பிடியுங்கள்). உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். லோ பீம் இழைக்கு நேர் கீழே கரண்டி போல ஒரு சின்ன உலோகத் தகடு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறித்துவிடுகிறது. அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டுச் சாலையை நோக்கி இறங்குகிறது. எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் மேல்பக்கம் வெளிச்சத்தை வெட்டிவிடும் கட்-ஆஃப் கோட்டை உருவாக்குவது அந்தத் தகடுதான்.

இழை என்பது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சுருள். சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒளிரும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சுருள் அந்த இடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. எல்இடி பல்பில் அந்த இடத்தில் ஒரு தட்டையான பலகை, அதன் இரண்டு பக்கமும் ஒளிரும் சில்லுகள். சில்லு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒளிக்கற்றை கலைந்துவிடும். கலைந்த ஒளி இரண்டு இடத்துக்குத்தான் போகும்: வண்டியின் மூக்குக்கு முன்னாலும், எதிரே வருகிறவர் முகத்திலும்.

வெள்ளொளி
அது ஆரம்பகாலப் பல்புகளுக்குப் பொருந்தும். இப்போது வருகிற நல்ல பல்புகளில் சில்லு இழை அளவுக்கே சின்னது, பலகையும் மெல்லியது, நீங்கள் சொல்லும் அந்தத் தகடுகூட அப்படியே இருக்கிறது. ஜெர்மனியில் 2020 முதல் எச்7 அளவு (இன்னொரு ஹெட்லைட் பல்பு வகை) எல்இடி பல்புக்குச் சாலை அனுமதியே கொடுத்திருக்கிறார்கள். ஒளியியல் சரிவராது என்றால் அங்கே அனுமதிப்பார்களா?

மின்னோட்டம்
அந்த அனுமதி எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பல்புக்கு இந்தக் கார் மாடல், இந்த ஹெட்லைட் என்று சோதித்துப் பட்டியலிட்டுத் தருகிறார்கள். பட்டியலில் இல்லாத காரில் மாட்டினால் அங்கேயும் சட்டவிரோதம்தான். பல்பு நன்றாக இருந்தாலும் எல்லா ரிஃப்ளெக்டருக்கும் ஒத்துவராது என்று அவர்களே ஒப்புக்கொள்வதுதானே அது?

இன்னொன்று. டப்பாவில் 40 வாட், 20000 லூமன் என்று அச்சிட்டு விற்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், வாட்டுக்கு 500 லூமன். வெள்ளை ஒளியில் அது இயற்பியல்படியே சாத்தியமில்லை. நல்ல எல்இடியில் வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் வந்தால் பெரிய விஷயம். டப்பாவிலேயே பொய் சொல்கிறவர்கள் சில்லை மட்டும் மில்லிமீட்டர் பிசகாமல் வைத்திருப்பார்கள் என்று எப்படி நம்புவது?

இருசக்கரம்
நான் கார் ஓட்டுவதில்லை, பைக்தான். எதிரே இந்த மாதிரிப் பல்பு போட்ட கார் வந்தால் எனக்கு என்ன ஆகிறது தெரியுமா? சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. கார் கடந்துபோன பிறகும் சில நொடிகள் இருட்டு. அந்த நொடிகளில் முன்னால் ஒரு பள்ளமோ நடந்துபோகிறவரோ இருந்தால்? காரில் இருப்பவருக்குக் கண்ணாடியும் கூரையும் இருக்கின்றன. எங்களுக்கு ஹெல்மெட் கண்ணாடி ஒன்றுதான். அதில் ஒரு கீறல் இருந்தாலும் வெளிச்சம் நட்சத்திரமாகச் சிதறும். ‘எனக்கு நன்றாகத் தெரிகிறது’ என்று சொல்கிற ஒவ்வொருவரும் ஒருமுறை தன் வண்டியை வேறொருவரை ஓட்டச் சொல்லி, எதிரே போய் நின்று பாருங்கள்.

வெள்ளொளி
உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கண் கூச வைப்பவை எல்லாம் எல்இடி இல்லை. கோணம் தூக்கிக்கொண்டு நிற்கிற ஹாலஜனும் கூசும். டிக்கி நிறையச் சுமை ஏற்றினால் கம்பெனி விளக்கே வானத்தைப் பார்க்கும். கோணம் சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. செய்முறையைச் சொல்கிறேன், எந்தப் பல்பு போட்டாலும் உதவும். சமதரை, டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஆள். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் குறியுங்கள். லோ பீமின் கட்-ஆஃப் கோடு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதாவது 1 சதவீத இறக்கம். பெரும்பாலான கார்களுக்கு இதுதான் அளவு. சில ஹெட்லைட்டில் வேறு சதவீதம் அச்சிட்டிருக்கும், அப்படியானால் அதைப் பின்பற்றுங்கள்.

மின்னோட்டம்
செய்முறை சரி. கட்-ஆஃப் கோடே இல்லாமல் பூசி மெழுகின மாதிரி வெளிச்சம் விழுந்தால் எதை 10 சென்டிமீட்டர் இறக்குவீர்கள்? கோணத்தைச் சரிசெய்யலாம், கலைந்த கற்றையைத் திருகாணி திருகி ஒன்று சேர்க்க முடியாது.

பட்டறைவாசி
இரண்டு பேருமே பல்பிலேயே நிற்கிறீர்கள். வெளிச்சமும் வேண்டும், எதிரே வருகிறவருக்கும் கூசக் கூடாது என்றால் ப்ரொஜெக்டர்தான் வழி. எல்இடிக்காகவே வடிவமைத்த ப்ரொஜெக்டரை, அதாவது ஒளியை லென்ஸ் வழியாக அனுப்பும் விளக்கை, ஹெட்லைட்டுக்குள் பொருத்துவது. உள்ளே ஒரு மறைப்புத் தகடு இருக்கும், லோ பீமில் கட்-ஆஃப் கத்தியால் வெட்டியது போல விழும். ஹை பீம் போட்டால் அந்தத் தகடு இறங்கிவிடும்.

தம்பி இரவுப்பறவை, வீட்டில் செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஹெட்லைட்டைக் காரிலிருந்து கழற்றி, பின்மூடி, பல்பு, திருகாணி, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். முன்கண்ணாடியையும் உடலையும் ஒட்டியிருப்பது பியூட்டைல் பசை என்றால் சூட்டில் இளகும். 100 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில் சில நிமிடம் சூடாக்கி, ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினால் பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு பிரியும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், பிறகு அது திரும்ப மூடவே மூடாது.

ப்ரொஜெக்டரை வைத்ததும் இறுக்கிவிடாதீர்கள். எரியவிட்டுச் சுவரில் பார்த்து, கோடு சாய்வில்லாமல் நேராக வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம்: கட்-ஆஃப் கோடு சாலையோரப் பக்கம் கொஞ்சம் மேலேறும், ஓரத்தில் நடப்பவரும் பலகைகளும் தெரிவதற்காக. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஒரு வகை, வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு வேறு வகை. மாற்றி வாங்கினால் அந்த ஏற்றம் எதிரே வருகிறவர் கண்ணுக்கு நேராகப் போகும்.

மூடும்போது பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புது பியூட்டைல் வையுங்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி உள்ளே புகைபோல் படிந்து ரிஃப்ளெக்டரைக் கெடுக்கும்.

மின்னோட்டம்
கற்றை விஷயத்தில் அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முதல் முறை ஹெட்லைட்டைத் தொடுகிறவரிடம் அதைப் பிரிக்கச் சொல்வது பெரிய படி. சில விளக்குகளில் பாலியூரித்தேன் பசை போட்டிருப்பார்கள், அது சூட்டுக்கு இளகாது. நெம்பினால் உடைவதுதான் மிச்சம். திரும்ப மூடும்போது ஊசிமுனை இடைவெளி விட்டாலும் உள்ளே வேர்த்துவிடும். தவிர, இப்படி மாற்றிய விளக்குக்குப் பழைய அங்கீகாரக் குறி செல்லாது. பல நாடுகளில் தகுதிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

இரவுப்பறவை, ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டி ஹாலஜனாகவே முழு வெளிச்சம் தருகிறதா என்று முதலில் பார்த்தீர்களா? லோ பீமை எரியவிட்டு, பல்பு செருகியபடியே அதன் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். பிறகு பேட்டரியிலும் பாருங்கள். ஹெட்லைட்டின் முன்கண்ணாடி மஞ்சளித்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

இரவுப்பறவை
பார்த்தேன். பேட்டரியில் 13.9, பல்பு முனையில் 12.1. முன்கண்ணாடி கொஞ்சம் மங்கியிருக்கிறது, தொட்டால் சொரசொரப்பு.

மின்னோட்டம்
அதுதான் விஷயம். வழியிலேயே 1.8 வோல்ட் போய்விடுகிறது. ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4 அடுக்கில் மாறும். 1000 லூமன் என்பது 13.2 வோல்ட்டில் அளந்தது. உங்கள் 12.1-இல் அதில் முக்கால் பங்குதான் வரும். வருவதிலும் ஒரு பகுதியை மங்கிய கண்ணாடி சிதறடிக்கிறது.

ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாக மெல்லிய ஒயரில் சுற்றிவருவதால் இந்த இழப்பு. ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) வைத்தால் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராகப் போகும், பழைய ஒயர் ரிலேயைத் தட்டிவிடுவதோடு சரி. எர்த் ஒயரையும் துரு சுரண்டிப் புதிதாக இறுக்குங்கள். பாதி இழப்பு அங்கேயே இருக்கலாம். முன்கண்ணாடிக்கு 800, 1000, 2000 எண் நீர்த்தாளை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வரிசையாகத் தேய்த்து, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடித்துவிடுங்கள். பூச்சு இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளிக்கும்.

வெள்ளொளி
இந்த அளவு என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. எல்இடி பல்பில் டிரைவர் (மின்சாரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சுற்று) இருக்கிறது. 12.1 வந்தாலும் 13.9 வந்தாலும் ஒரே வெளிச்சம்தான். ரிலேயும் ஒயரிங்கும் இல்லாமலே பிரச்சினை முடிந்துவிடுமே?

மின்னோட்டம்
வோல்ட் குறைந்தாலும் எல்இடி ஒரே மாதிரி எரியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1.8 வோல்ட் விழுகிற ஒயரிங்கில் எங்கோ ஒரு இணைப்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. எல்இடி குறைந்த மின்சாரம் எடுப்பதால் அது குறையும், போய்விடாது. கற்றை எங்கே விழும் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இருசக்கரம்
ரிலேக்கு என் ஓட்டு. ஒயரிங் சரியானதும் 100/90 வாட் பல்பு (ஹை பீமில் 100, லோ பீமில் 90) மட்டும் மாட்டிவிடாதீர்கள். ஹோல்டர் உருகும், எங்கள் கண்ணும் கூசும்.

இரவுப்பறவை
முதலில் ரிலேயும் கண்ணாடியும் செய்கிறேன். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பட்டறைவாசி அண்ணா சொன்ன ப்ரொஜெக்டரைப் பற்றிப் பேசலாம். ரிலே எத்தனை, ஃபியூஸ் எவ்வளவு ஆம்பியர்?

பட்டறைவாசி
லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று, இரண்டும் 30 ஆம்பியர் ரிலே. ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ் தனித்தனியாக. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். ஃபியூஸைப் பேட்டரி முனைக்கு ஒட்டியே வை தம்பி. ஒயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் நீளத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. ஹோல்டர் செராமிக்காகப் பார்த்து வாங்கு.

வெள்ளொளி
கண்ணாடி தேய்ப்பதற்கு முன்னால் சுவரில் அடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள், வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே கேமரா அமைப்பில் இன்னொன்று. என் எல்இடி கற்றையையும் 10 மீட்டரில் எடுத்து இங்கே போடுகிறேன். இருசக்கரம் பார்த்துச் சொல்லட்டும்.