மார்த்தா கேனன் புருஷனைத் தோற்கடித்த கதை: இன்னும் எத்தனை நாளைக்கு?

கணக்குப்பிள்ளை:
மேற்குவாசல் நேற்று இங்கே ஒரு பதிவு போட்டிருக்கிறார். வேல்ஸில் பிறந்து, சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா அம்மாவோடு கைவண்டி தள்ளிக்கொண்டு அமெரிக்காவின் யூட்டா போய்ச் சேர்ந்த மார்மன் (அப்போது பலதார மணத்தை அனுமதித்த கிறிஸ்தவப் பிரிவு) பெண் மார்த்தா ஹியூஸ் கேனன், 1896இல் "கட்டிய புருஷனையே நேருக்கு நேர் நின்று மண்ணைக் கவ்வ வைத்து" அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் (மாநில மேல்சபை உறுப்பினர்) ஆனாராம். கீழே வரிசையாகக் கைதட்டல். அந்த வாக்குச்சீட்டு எப்படி இருந்தது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நேருக்கு நேர் என்று ஒன்று நடக்கவே இல்லை. யூட்டாவின் சால்ட் லேக் பகுதிக்கு ஐந்து செனட் இடங்கள். டெமாக்ரட் கட்சி ஐந்து பேரை நிறுத்தியது, ரிபப்ளிகன் கட்சியும் ஐந்து பேரை நிறுத்தியது. ஒரு வாக்காளர் ஐந்து பேருக்கு ஓட்டுப் போடலாம். மார்த்தா டெமாக்ரட் பட்டியலில், புருஷன் ஆங்கஸ் கேனன் ரிபப்ளிகன் பட்டியலில். டெமாக்ரட் ஐந்து பேரும் ஜெயித்தார்கள். இதில் புருஷன் எங்கே வந்தார்?

மேற்குவாசல்:
தோற்ற ஐந்து பேரில் ஒருவராக வந்தார் சார். ஒரே சீட்டில் ரெண்டு பேர் பெயரும் இருந்தது. அவங்க உள்ளே போனாங்க, இவர் வெளியே நின்னார். இதுக்கு மேல என்ன வேணும்?

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் மார்த்தா எம்மலின் வெல்ஸையும் தோற்கடித்தார் என்று ஏன் எழுதவில்லை? அவரும் அதே சீட்டில் ரிபப்ளிகன் வேட்பாளர். 'உமன்ஸ் எக்ஸ்போனன்ட்' பத்திரிகையின் ஆசிரியர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஆயுள் முழுக்க அலைந்தவர். மார்த்தா இளம் வயதில் அந்தப் பத்திரிகையில்தான் அச்செழுத்துக் கோத்தார். "தனக்கு வேலை கொடுத்த பத்திரிகையின் ஆசிரியரை மண்ணைக் கவ்வ வைத்தார்" என்று போட்டிருக்கலாமே? போடமாட்டீர்கள். அதற்குக் கைதட்டல் விழாது.

பேனாக்கத்தி:
பாயின்ட் பிடிச்சிட்டாரு பிள்ளை. மேற்குவாசல் அண்ணே, தண்ணி குடிச்சிட்டு வாங்க.

மேற்குவாசல்:
பேனாக்கத்தி, நீங்க போன மாசம் பனாமா கால்வாய் இழையில என்கிட்ட வாங்கினது இன்னும் ஆறலைன்னு தெரியுது. விஷயத்துக்கு வர்றேன். அன்னைக்கே சால்ட் லேக் ஹெரால்டு பத்திரிகை எழுதுச்சு: அந்த ரெண்டு பேர்ல சரியான ஆம்பிளை அந்தம்மாதான், அவங்களை செனட்டுக்கு அனுப்புங்க, ஐயா வீட்டுல இருந்து வீட்டுவேலையைக் கவனிக்கட்டும்னு. ஊரே புருஷன் பொண்டாட்டி போட்டியாத்தான் பார்த்தது. 130 வருஷம் கழிச்சு நீங்க வந்து இல்லைங்கறீங்க.

கணக்குப்பிள்ளை:
ஹெரால்டு டெமாக்ரட் ஆதரவுப் பத்திரிகை. கட்சிப் பத்திரிகை தன் வேட்பாளரைத் தூக்கி, எதிராளியைக் கிண்டலடித்து எழுதியதைச் சாட்சியாகக் கொண்டு வருகிறீர்கள். அந்த வருஷம் யூட்டாவில் அலை எப்படி அடித்தது என்று தெரியுமா? மாநிலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1896 ஜனவரி 4தான் மாநிலம் பிறந்த நாள். ஜனாதிபதித் தேர்தலில் வெள்ளி நாணயத்தை ஆதரித்த டெமாக்ரட் வேட்பாளர் பிரையனுக்கு அங்கே 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. வெள்ளிச் சுரங்க ஊர்க்காரன் வெள்ளிக்குப் போட்டான். டெமாக்ரட் பட்டியலில் இருந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனது அந்த வெள்ளம். புருஷனும் இல்லை, பொண்டாட்டியும் இல்லை.

டாக்டரம்மா_ரசிகை:
எனக்கு ஒண்ணு புரியலை. 1857ல லண்டட்னோ பக்கத்துல பிறந்த பொண்ணு. சின்னக் குழந்தையா இருக்கும்போதே கப்பல்ல நியூயார்க். அப்புறம் 1861ல சமவெளி தாண்டிப் பயணம். வழியில கைக்குழந்தைத் தங்கச்சி செத்துப் போயிடுச்சு. சால்ட் லேக் வந்து மூணாம் நாள் அப்பா போயிட்டார். அம்மா எலிசபெத் புது ஊர்ல விதவையா நின்னு, பிறகு ஜேம்ஸ் பால்னு ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவரும் பிள்ளைங்களோட நின்னவர். மார்த்தா அந்த மாற்றாந்தகப்பன் பெயரையே தன் பெயரோட சேர்த்துக்கிட்டாங்க. அச்சகத்துல எழுத்துக் கோத்துச் சம்பாதிச்சு, 1878ல வேதியியல் பட்டம், 1880ல மிச்சிகன்ல டாக்டர் பட்டம், 1882ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இன்னொரு பட்டம், மேடையில பேசறதுக்குத் தனியாப் படிப்பு. திரும்பி வந்து டெசரெட் ஆஸ்பத்திரியில டாக்டர். இவ்வளவும் இருக்க, நீங்க ரெண்டு பேரும் அந்த ஒரு நாள் ஓட்டைப் பிடிச்சுத் தொங்கறீங்க.

கணக்குப்பிள்ளை:
அம்மா, நான் அவர் படிப்பைக் குறை சொன்னேனா? ஐந்து இடங்கள் என்றுதான் சொன்னேன். ஐந்து. நீங்கள் எழுதியதே என் கட்சிக்குச் சாதகம். தங்கச்சி சாவையும் அப்பா சாவையும் விட்டுவிட்டு புருஷனைக் கவ்வ வைத்ததை மட்டும் தலைப்பில் போட்டது நானா, மேற்குவாசலா?

இன்னொன்று. கைவண்டி. மார்மன்களின் கைவண்டிப் பயணம் 1856 முதல் 1860 வரை. மொத்தம் பத்துக் கூட்டம், சுமார் 3000 பேர். 1856இல் வில்லி, மார்ட்டின் கூட்டங்கள் பனியில் மாட்டி 200 பேருக்கு மேல் செத்தார்கள். 1861இல் கைவண்டியே கிடையாது. யூட்டாவிலிருந்து மாட்டுவண்டிகளை மிசௌரி ஆற்றங்கரைக்கு அனுப்பி ஆட்களைக் கூட்டி வர ஆரம்பித்த வருஷம் அது. நாலு வயதுக் குழந்தை கைவண்டி தள்ளியதாக எழுதுகிறவர் தேர்தலைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்?

மேற்குவாசல்:
ஆரம்பிச்சிட்டார். தேர்தல்ல பதில் இல்லைன்னதும் வண்டிச் சக்கரத்துக்குப் போயிட்டார்.

பேனாக்கத்தி:
பதில் இல்லாதது உங்களுக்குத்தான். மாட்டுவண்டிக்கும் கைவண்டிக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு பதிவு, அதுக்கு ஒரு திமிர்.

சும்மா_ஒருத்தன்:
அந்தம்மா நாலாவது பொண்டாட்டிதானே? அவங்க பெண் விடுதலை பேசினாங்கன்னு ஏத்துக்க முடியலை.

டாக்டரம்மா_ரசிகை:
வாங்க, இதுக்காகத்தான் காத்திருந்தேன். ஆமா, 1884ல நாலாவது மனைவி. ஆங்கஸோட முதல் ரெண்டு மனைவிகள் அக்கா தங்கச்சி, ஒரே நாள்ல கல்யாணம். மார்த்தாவுக்கு அப்புறமும் ரெண்டு பேர். மறு வருஷமே ஆங்கஸுக்குப் பலதார வழக்குல ஆறு மாசம் ஜெயில், 300 டாலர் அபராதம். மார்த்தா பிரசவம் பார்த்த வீடுகள்ல பலதார வீடுகளும் உண்டு. கோர்ட்டுல கூப்பிட்டுக் கேட்டா ஊர்ல எத்தனை பேர் உள்ளே போவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால 1886ல கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு இங்கிலாந்துக்குப் போய் ஒளிஞ்சு வாழ்ந்தாங்க. புருஷன் கூட வரலை. அங்கிருந்து எழுதின கடிதங்கள்ல தனிமையும் பொறாமையும் பச்சையாத் தெரியும். நாலாவதுன்னு நம்பர் போட்டுச் சிரிக்கிற விஷயம் இல்லை இது.

சும்மா_ஒருத்தன்:
நான் சிரிக்கலையே. பேட்டியில புருஷனுக்கு நாலு பொண்டாட்டி இருந்தா பொண்டாட்டிக்கு மாசத்துல மூணு வாரம் சுதந்திரம்னு அவங்களே சொன்னாங்களே. அதுதான் விடுதலையான்னு கேட்டேன்.

மேற்குவாசல்:
அந்தப் பேட்டியிலயே இன்னொண்ணும் சொன்னாங்க. அடுப்பையும் துணி துவைக்கிற தொட்டியையும் தாண்டி யோசிக்கிற பொம்பளையைக் காட்டுங்க, பத்துக்கு ஒன்பது பேர் நல்ல தாயா இருப்பாங்கன்னு. வசதியா அதை விட்டுட்டீங்க. உங்களுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஒரே வியாதி. தேவையானதை மட்டும் பொறுக்கறது.

கணக்குப்பிள்ளை:
நான் பொறுக்குகிறேனா? ஐந்து இடங்கள் இருந்ததா இல்லையா? ஆமாம் இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள்.

மேற்குவாசல்:
ஐந்து இடமோ ஐம்பது இடமோ, புருஷன் பெயர் ஜெயிச்சவங்க பட்டியல்ல இருந்ததா இல்லையா? நீங்களும் ஒரு சொல்லில் சொல்லுங்க.

தேநீர்வேளை:
ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்து நிக்கிறதுன்னா எதைச் சொல்றோம்னு முதல்ல பேசி வச்சுக்கிட்டா சண்டை முடிஞ்சிடுமே?

கணக்குப்பிள்ளை:
முடிய வேண்டிய அவசியம் இல்லை. பதில்தான் வேண்டும். ஐந்து இடங்கள் இருந்ததா?

பேனாக்கத்தி:
அதே தேர்தல்ல கீழ்ச்சபைக்கு ரெண்டு பெண்கள் ஜெயிச்சாங்க, சாரா ஆண்டர்சன், யூரித் லபார்த். லபார்த் கொண்டு வந்த மசோதா என்ன தெரியுமா? நாடகக் கொட்டகையில பெண்கள் உயரத் தொப்பியைக் கழட்டணும், பின்னாடி இருக்கறவனுக்கு மறைக்குதுன்னு. அலை அடிச்சா யாரும் ஜெயிக்கலாம்.

டாக்டரம்மா_ரசிகை:
தொப்பி மட்டும்தான் கண்ணுல பட்டுச்சா? மார்த்தா கொண்டு வந்ததைப் பாருங்க. காது கேளாத, பார்வையில்லாத பிள்ளைங்களுக்குப் படிப்பு. மாநில சுகாதார வாரியம். கடையில வேலை செய்யற பொண்ணுங்க உட்கார முதலாளி இருக்கை கொடுக்கணும்னு சட்டம். நம்ம ஊர் ஜவுளிக்கடைப் பொண்ணுங்களுக்கு அந்த உரிமை 2021லதான் சட்டமாச்சு.

சும்மா_ஒருத்தன்:
சட்டம் வந்து என்ன, போன தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போன கடையில ஒரு பொண்ணுகூட உட்காரலை.

பேனாக்கத்தி:
அதுக்கும் யூட்டாவுக்கும் என்னய்யா சம்பந்தம்? நான் சொன்னது தொப்பி. தொப்பிக்குப் பதில் வரலை.

தேநீர்வேளை:
அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துல யூட்டா சார்பா இருந்த ஃபார்ன்ஸ்வொர்த் சிலையை எடுத்துட்டு 2024 டிசம்பர்ல இவங்க சிலையை வச்சாங்க. டிவி கண்டுபிடிச்சவரை எடுக்கணுமான்னு எனக்கு அப்பவே வருத்தம்.

மேற்குவாசல்:
சிலையே வச்சாச்சு. இங்கே ஒருத்தர் மட்டும் ஓட்டு எண்ணிக்கிட்டிருக்கார்.

கணக்குப்பிள்ளை:
சிலை அவர் டாக்டராகவும் செனட்டராகவும் செய்த வேலைக்கு. புருஷனைத் தோற்கடித்ததற்கு யாரும் சிலை வைக்கவில்லை. முதல் பெண் மாநில செனட்டர் என்பதை நான் மறுக்கவே இல்லை, அது பதிவில் உள்ள விஷயம். (கொலராடோவில் 1894இலேயே மூன்று பெண்கள் ஜெயித்தார்கள், அது கீழ்ச்சபை. இதையும் யாராவது குழப்புவதற்கு முன்னால் சொல்லி வைக்கிறேன்.) என் கேள்வி ஒன்றுதான். மேற்குவாசல் இதுவரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

டாக்டரம்மா_ரசிகை:
1899ல மூணாவது குழந்தை குவெண்டலின் பிறந்தாங்க. 1890லேயே மார்மன் சர்ச் பலதாரம் இனி இல்லைன்னு அறிவிச்சிருந்தது, அதனால குழந்தை பிறந்ததே அவமானமாப் பேசப்பட்டது. ஆங்கஸுக்கு 100 டாலர் அபராதம். மார்த்தாவோட அரசியலே முடிஞ்சுது. கடைசியில கலிபோர்னியா போய் 1932ல லாஸ் ஏஞ்சலஸ்ல இறந்தாங்க. இதைப் பத்தி யாராவது பேசுங்களேன்.

பேனாக்கத்தி:
அதுக்குத் தனி இழை திறங்கம்மா. இங்கே ஓட்டு ஓடிக்கிட்டிருக்கு.

மேற்குவாசல்:
பதிவை மாத்த மாட்டேன். தலைப்பையும் மாத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பகுதி வரும், அதுல மனைவி ஜெயிச்ச செய்தியை ஆங்கஸ் எப்படி எடுத்துக்கிட்டார்னு எழுதப் போறேன்.

கணக்குப்பிள்ளை:
எழுதுங்கள். எழுதும்போது ஐந்து இடங்கள் என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். கைவண்டியையும் எடுத்துவிடுங்கள். போன வருஷம் வைகிங் கடலோடிகள் கொம்புத் தொப்பி போட்டார்கள் என்று நீங்கள் தப்பாக எழுதிய விஷயத்திலும் இப்படித்தான், திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டு இன்றுவரை அந்தக் கொம்பு அப்படியே இருக்கிறது.

மேற்குவாசல்:
கொம்பு பத்தி நான் திருத்தறேன்னு எங்கேயும் சொல்லலை. சுட்டி கொடுங்க பார்க்கலாம்.