நல்ல தண்ணீர் டேங்க் காலியாகவில்லை, அவசர உதவி தேவை

சாலைப்பிரியன்:
வணக்கம். என் மோட்டார்ஹோமை, அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை, குளிர்காலம் முடியும் வரை நிறுத்தி வைக்கப் போகிறேன். டேங்கைக் காலி செய்ய வால்வைத் திறந்தேன். வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டியது, ஒரு பக்கெட் அளவு இருக்கும், அப்புறம் நின்றே போச்சு. பேனலில் இன்னும் முக்கால் டேங்க் காட்டுகிறது. பம்ப் ஆஃப். இன்று ராத்திரி உறைபனி விழும் என்கிறார்கள். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

குழாய்_குமரன்:
என்ன வண்டி, எந்த வருட மாடல்? டேங்க் அடியில் தொங்குகிறதா, உள்ளே சீட்டுக்குக் கீழேயா? முக்கியமாக, திறந்தது எந்த வால்வு? ஒரு மோட்டார்ஹோமில் நாலைந்து வால்வு இருக்கும்.

மேட்டுநிலம்:
காற்றுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். தண்ணீர் வெளியே போக வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். டேங்கின் காற்றுக்குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கும். தண்ணீர் நிரப்பும் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபு என்று வரும்.

வண்டிக்காரி:
மூடியோடு எல்லாக் குழாய்களையும் திறந்து விடுங்கள். மிக்சர் குழாயானால் கைப்பிடியை நடுவில் நிறுத்துங்கள், அப்போதுதான் சுடுதண்ணீர்ப் பக்கமும் வடியும். ஷவரை மாட்டியிலிருந்து எடுத்துத் தரையில் போடுங்கள்.

பழையசக்கரம்:
வருடா வருடம் முதல் பனி விழும் அன்று இதே கேள்வி. மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது தம்பி, அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. மேனுவலில் படம் போட்டே விளக்கியிருப்பார்கள். வால்வின் கைப்பிடி குழாயின் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இதுகூடத் தெரியாமல் வண்டி வாங்குகிறார்கள்.

நாலுகட்டை:
வடிகால் வாயில் சுண்ணாம்புக் கசடு அடைத்திருக்கலாம். எதற்குத் தலைவலி? பம்பை ஆன் செய்து, குழாயைத் திறந்து, சிங்க் வழியாகவே காலி செய்துவிடுங்கள்.

வண்டிக்காரி:
பம்ப் எந்த வகை என்று தெரியாமல் அப்படிச் சொல்லாதீர்கள். டேங்குக்குள் முங்கியிருக்கும் பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சீக்கிரம் கருகிவிடும். டேங்குக்கு வெளியே தனியாக நிற்கும் டயாஃப்ரம் பம்ப் கொஞ்ச நேரம் தாங்கும். அதோடு, சிங்க்கில் விட்டால் எல்லாம் கழிவுநீர் டேங்குக்குத்தான் போகும். அதையும் காலி செய்ய வேண்டாமா?

பழையசக்கரம்:
அதெல்லாம் இருக்கட்டும். முக்கால் டேங்கோடு எதற்காக ஓட்டி வந்தார்? 100 லிட்டர் என்றால் 100 கிலோ. 3,500 கிலோ வரம்புள்ள வண்டியில் நாலு பேரும் சாமானும் ஏறினால் மிச்சம் என்ன இருக்கும்?

நாலுகட்டை:
போகிற இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நீங்கள் உத்தரவாதம் தருவீர்களா? நான் எப்போதும் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவேன். சொல்லப்போனால் பாதி டேங்க்தான் மோசம், வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி வண்டியை இழுக்கும்.

பழையசக்கரம்:
டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பின் அச்சுக்கும் பின்னால் இருந்தால், அந்த 100 கிலோ முன் அச்சைத் தூக்கிவிட்டுப் பின் அச்சில் 100 கிலோவுக்கும் மேலாக உட்காரும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் அச்சு எடை தாண்டியிருக்கும். எடை மேடையில் ஒரு நாளாவது ஏற்றியதுண்டா?

நாலுகட்டை:
என் டேங்க் இரண்டு அச்சுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அவரவர் வண்டி அவரவருக்கு.

சாலைப்பிரியன்:
மூடியைத் திறந்தேன், குழாய் எல்லாம் திறந்தேன், ஒரு மாற்றமும் இல்லை. வால்வு ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சின்னத் திருப்பியும் ஒரு பட்டனும். கைமாறி வந்த வண்டி, மேனுவல் கிடையாது.

குழாய்_குமரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நீங்கள் காலி செய்தது ஹீட்டரை, டேங்கை இல்லை. ஹீட்டர் ட்ரூமா கம்பெனியின் காம்பி மாடலாக இருந்தால் அதன் தண்ணீர்க் கொள்ளளவு 10 லிட்டர், உங்கள் ஒரு பக்கெட் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த வால்வு சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால் தானாகவே திறந்து ஹீட்டரைக் காப்பாற்றும். திரும்ப மூட வேண்டுமானால் அந்த இடம் சுமார் 7 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். இப்போது அதைத் திறந்தே விடுங்கள்.

டேங்குக்கு வடிகால் தனி. அடியில் தொங்கும் டேங்க் என்றால் அதன் தாழ்ந்த மூலையில் குழாயும் வால்வும் இருக்கும். உள்ளே இருந்தால் டேங்கின் மேல் பெரிய திருகுமூடியைத் தேடுங்கள், அதன் மேலோ உள்ளேயோ ஒரு கைப்பிடி இருக்கும். சில வண்டிகளில் அதற்கு இரண்டு நிலை உண்டு. முதல் நிலையில் பயணத்துக்காக 20 லிட்டர் போல விட்டுவிட்டு மீதியை வடிக்கும். முழுக்கத் திருப்பினால்தான் அடிவரை போகும்.

மேட்டுநிலம்:
சரி, ஆனாலும் அந்தக் காற்றுக்குழாயை ஒரு தடவை ஊதிப் பாருங்கள்.

சாலைப்பிரியன்:
கிடைச்சிருச்சு! சீட்டுக்குக் கீழே சிவப்புக் கைப்பிடி. கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. நன்றி குமரன் அண்ணா.

வண்டிக்காரி:
கொட்டுவது நின்றதும் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், முதல் நிலையிலேயே நின்றிருந்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். கடைசித் தண்ணீர் வடிகால் பக்கம் வர, வண்டியைக் கொஞ்சம் சாய்வாக நிறுத்தினாலும் போதும். தனியாக நிற்கும் பம்ப் என்றால் அதன் முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றிக் கொட்டுங்கள். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் தாங்காது. குழாய்களைக் குளிர் முடியும் வரை மூட வேண்டாம். கழிவுநீர் டேங்கையும் திறந்துவிட்டீர்களா?

வண்டிக்காரி:
சாலைப்பிரியன், வடிகட்டியைப் பார்த்தீர்களா?

குழாய்_குமரன்:
தண்ணீர் வந்துவிட்டது அல்லவா, இனி அவர் இந்தப் பக்கம் வர மாட்டார்.

நாலுகட்டை:
பழையசக்கரம் ஐயா, நேற்று எடை மேடையில் ஏற்றினேன். முழு டேங்கோடு இரண்டு அச்சும் வரம்புக்குள்தான்.

பழையசக்கரம்:
டீசல் எவ்வளவு இருந்தது?