வசனம் கேக்கல, ராத்திரி சீன் தெரியல: குறை படத்துலயா, தியேட்டர்லயா?

ஆரப்பாளையத்தான்:
இந்த மாசம் மதுரையில பாத்தது மூணு புதுப் படம். முதலாவது திருவிழா, பங்காளிச் சண்டைன்னு நம்ம பக்கத்துக் கதை. நடிப்பு அருமை, ஆனா பாதி வசனம் மியூசிக்குக்குள்ள அமுங்கிருச்சு. அடுத்தது த்ரில்லர். முழுக்க ராத்திரியில நடக்குது, யாரு யாரை வெட்டுறாய்ங்கன்னே பிடிபடல. மூணாவது காமெடி, பழைய சிங்கிள் ஸ்க்ரீன்ல. படம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுந்துச்சு, கதைதான் இல்ல. மூணாவதுக்குத் தைரியமா மார்க் போட்டுரலாம். முதல் ரெண்டுக்கும் குறை எங்கிட்டு இருக்குன்னு தெரியாம எழுதுனா எடுத்தவங்களுக்குச் செய்யுற அநியாயம். சீட்டுல உக்காந்துக்கிட்டே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கா? படம் பேரு, தியேட்டர் பேரு வேணாம்.

கேபின்_வெளிச்சம்:
ராத்திரி சீனுக்கு மட்டும் பதில் சொல்றேன். 2டி படத்துக்குத் திரையில இருந்து 14 ஃபுட்-லேம்பர்ட் (திரையோட வெளிச்சத்தை அளக்குற அலகு) வெளிச்சம் திரும்பி வரணும்னு கணக்கு. கலர் வேலை பாக்குறவங்க அந்த வெளிச்சத்துல பாத்துத்தான் இருட்டு எவ்வளவு இருட்டா இருக்கணும்னு முடிவு பண்றாங்க. ப்ரொஜெக்டருக்குள்ள எரியுற ஸெனான் லேம்ப் நாளாக நாளாக மங்கும். 3 கிலோவாட் லேம்ப்புக்கு 1,500 மணி நேரம்னு வச்சா, நாலு ஷோ ஓட்டுற தியேட்டர்ல தினம் 12 மணி நேரம், நாலே மாசத்துல மாத்துற நேரம் வந்துரும். விலை ஜாஸ்தின்னு அதைத் தாண்டி ஓட்டுனா பகல் சீன் ஒப்பேறிரும். ராத்திரி சீன்ல முகத்துக்கும் பின்னாடி இருக்க சுவத்துக்கும் வித்தியாசம் இல்லாமப் போயிரும். 3டி படம் ஓட்டிட்டு லென்ஸ் முன்னாடி இருக்க போலரைசரை, அதாவது 3டிக்குன்னு மாட்டுற ஃபில்டரை, எடுக்க மறந்தாலும் இதே கதிதான், பாதிக்கு மேல வெளிச்சம் அதுலயே போயிரும்.

பரிசோதனை பண்ண நல்ல இடம் சென்சார் சர்டிபிகேட். வெள்ளைத்தாள், கருப்பு எழுத்து. அந்தத் தாள் வெள்ளையாத் தெரியுதா, இல்ல நனைஞ்ச பேப்பர் மாதிரி பழுப்படிச்சுத் தெரியுதான்னு பாருங்க. நடுவுல வெளுப்பும் ஓரத்துல மங்கலுமா இருந்தா 3டிக்குன்னு போட்ட சில்வர் ஸ்க்ரீனா இருக்கலாம், ஓரச் சீட்டை விட்டு நடுவுக்கு வாங்க. எழுத்து ஓரத்துல சிவப்போ பச்சையோ கோடு கசிஞ்சா ப்ரொஜெக்டருக்குள்ள மூணு கலர் சிப்பும் ஒண்ணா உக்காரலன்னு அர்த்தம். தாள் நல்ல வெள்ளை, எழுத்தும் கூர்மை, ஆனாலும் ராத்திரி சீன் கருங்கும்முன்னு இருந்தா தாராளமா ஒளிப்பதிவைக் குறை சொல்லலாம்.

படியில எரியுற லைட்டையும் கவனிங்க. அது திரையில பட்டா கருப்பு சாம்பலாயிரும்.

சவுண்டு_மேசை:
வசனம் முக்காவாசி ஒரே ஒரு ஸ்பீக்கர்ல இருந்துதான் வருது, திரைக்குப் பின்னாடி நடுவுல இருக்கது. மியூசிக் இடது, வலது, சுத்துச் சுவருன்னு பரவி வரும். நடு ஸ்பீக்கர் நோஞ்சானா இருந்தா மியூசிக் நல்லா கேக்கும், பேச்சு மட்டும் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். "சாவி"யா "தாவி"யான்னு குழப்பம் வந்தா ஹார்ன் டிரைவர் டயஃப்ரம், அதாவது மேல்ஸ்தாயி சத்தம் குடுக்குற ஸ்பீக்கரோட மெல்லிசு தகடு, போயிருக்கலாம். திரையில இருக்க குட்டிக் குட்டித் துளையில தூசி அடைச்சாலும் மேல்ஸ்தாயி சத்தம் குறையும்.

அடுத்தது ஃபேடர், ஹாலோட மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. 7-ல வச்சா நடு ஸ்பீக்கர்ல சோதனை இரைச்சல் 85 டெசிபல் வரணும், அளக்குறது திரையில இருந்து ஹால்ல மூணுல ரெண்டு பங்கு தூரத்துல. படத்தை மிக்ஸ் பண்றதும், அதாவது பேச்சு, மியூசிக் எல்லாத்தையும் சேக்குறதும், அந்த அளவுலதான். ஆனா நிறைய ஹால்ல காதைக் கிழிக்குதுன்னு புகார் வந்து 5-க்கு இறக்கிருவாங்க. கிட்டத்தட்ட 6.5 டெசிபல் போச்சு. சண்டை அப்பவும் சத்தமாத்தான் கேக்கும், கிசுகிசுப் பேச்சு ஏசி இரைச்சலுக்குக் கீழ போயிரும்.

படத்தோட குறைன்னா அது வேற மாதிரி இருக்கும். மியூசிக் இல்லாத இடத்துல பேச்சு தெளிவா இருக்கும், வயலினும் தவிலும் சேந்ததும் காணாமப் போகும். மிக்ஸிங்ல உக்காந்திருக்கவங்களுக்கு வசனம் மனப்பாடம், அதனால அமுங்குனது அவங்க காதுக்குத் தெரியாது. மதுரைப் பேச்சுல "வந்துருக்காய்ங்க", "போறாய்ங்க"ன்னு கடைசி அசை விரைசலா முடியும். வெளியூர்ல டப்பிங் பண்றப்ப அதை மென்னு முழுங்குனா எந்த ஸ்பீக்கராலயும் மீட்க முடியாது. நம்ம ஊர்க் கதை எடுக்குறவங்க இதுல கவனம் வைக்கணும்.

வடக்குமாசி:
புகையிலை விளம்பரத்துல குரல் தெளிவா இருந்தா ஸ்பீக்கர் சரின்னு சில பேரு சொல்வாங்க. அதை நம்பாதீங்க. விளம்பரம் சிலது இடது வலதுல மட்டும் வரும், நடு ஸ்பீக்கர் செத்தே கிடந்தாலும் நல்லா கேக்கும். முதல் கால் மணி நேரத்துல ரெண்டு பேரு வீட்டுக்குள்ள மியூசிக் இல்லாமப் பேசுற சீன் வரும், அதுதான் சரியான சோதனை. ஓடிடியில தெளிவா கேட்டுச்சுங்கிறதும் சாட்சி ஆகாது, வீட்டுக்குன்னு தனி மிக்ஸ் பண்றது உண்டு.

ஆரப்பாளையத்தான்:
ரொம்ப நன்றிண்ணே. அப்ப முதல் படத்துல குறை படத்தோடதுதான். ரெண்டு பேரு திண்ணையில பேசுற சீன் மணி மாதிரி கேட்டுச்சு, கொட்டு அடிக்கிற இடத்துல மட்டும்தான் போச்சு. பழைய ஹால்ல எந்த வரிசை நல்லது?

சவுண்டு_மேசை:
மூணுல ரெண்டு பங்கு தூரம், நடுச் சீட்டு. பால்கனிக்கு அடியில கடைசி வரிசைக வேணாம், மேல்ஸ்தாயி அங்க வந்து சேராது. பால்கனின்னா முதல் ரெண்டு வரிசை. 1952-ல திறந்த நம்ம பழைய தங்கம் தியேட்டர்ல 2,563 சீட்டு இருந்துச்சு. அந்தக் காலத்து ஹால் திரைக்குப் பின்னாடி இருந்து வர்ற மோனோ சத்தத்துக்கு (எல்லாம் ஒரே தடத்துல வர்றது) கட்டுனது. அந்த மாதிரி ஹால்ல பஞ்சு, துணி ஒட்டாத வெறும் சுவரோட 5.1, அதாவது சுத்திலும் ஸ்பீக்கர், போட்டா எதிரொலி பேச்சைக் கலக்கிரும்.

கேபின்_வெளிச்சம்:
தம்பி, குறை தெரிஞ்சா முதல் பத்து நிமிஷத்துலயே போய்ச் சொல்லுங்க. "சவுண்டு வைங்க"ன்னு கத்துனா மொத்தத்தையும் ஏத்திருவாங்க. "மியூசிக் நல்லா வருது, நடு ஸ்பீக்கர்ல பேச்சு மட்டும் அமுங்குது"ன்னு சொல்லுங்க. மல்டிபிளெக்ஸ்ல ப்ரொஜெக்டர் கேபின்ல ஆள் இல்லாம சர்வரே (கம்ப்யூட்டர்) படத்தை ஓட்டும், அதனால வாசல்ல நிக்கிறவர்கிட்ட ஸ்க்ரீன் நம்பரோட சொல்லுங்க.