பிரிட்டிஷ் 'ஷேம்லெஸ்' முழுதாகப் பார்த்தவர்கள் உதவுங்கள்

2004-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் தொடங்கிய 'ஷேம்லெஸ்' டிவி தொடரைப் பார்க்கிறேன். சிகாகோவில் நடக்கும் அமெரிக்க மறுஆக்கம் இல்லை, மான்செஸ்டர் அசல். அப்பா ஃபிராங்க் எந்நேரமும் குடி, அம்மா விட்டுப்போயாச்சு, மூத்தவள் ஃபியோனாதான் தம்பி தங்கைகளைக் கட்டி மேய்க்கிறாள். எழுதிய பால் அபாட்டுக்குப் இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் வாய்த்த சொந்த இளமைக்காலமே மூலம் என்பதாலோ என்னவோ, வறுமையைக் காட்டி அழவைக்கும் வேலையே இல்லை. அதுதான் பிடித்தது.

ஆனால் இரண்டாம் சீசனோடு ஃபியோனாவாக நடித்த ஆன்-மேரி டஃப் விலகிவிடுகிறாராமே? மொத்தம் 11 சீசன். அப்புறமும் பிள்ளைகள் வளரும் கதை நிற்கிறதா, இல்லை பக்கத்து வீட்டு மகுவயர் கும்பலின் அடிதடிதானா? எதுவரை பார்க்கலாம்? கதையை உடைக்காமல் சொல்லுங்கள். அந்த மான்செஸ்டர் பேச்சு பழக ஏதாவது வழி இருந்தாலும் சரி, சப்டைட்டில் போட்டும் பாதி வசை புரியவில்லை.