ஆர்.என்.ஏ.வை அமிலத்தில் வேகவைத்து ஏமாந்தவர்கள் உண்டா?

பிப்பெட்:
நியூக்ளியோசைடு (பாஸ்பேட் இல்லாமல் நைட்ரஜன் காரமூலமும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த துண்டு) எடுக்கப் பார்த்தேன். ஈஸ்ட் ஆர்.என்.ஏ., 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 டிகிரி, 1 மணி நேரம். ஐசோபுரோப்பனால், அமிலக் கலவையில் தாளை ஓட்டி, துண்டுகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்து, புறஊதா விளக்கின் கீழ் வைத்தேன். மூன்று கரும்புள்ளிகள், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நான்காவது மட்டும் வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. நான்கு புள்ளி, நான்கு நியூக்ளியோசைடு என்று பென்சிலால் பெயரும் எழுதிவிட்டேன். ஆய்வகத்து மூத்தவர் ஒன்றும் பேசாமல், பாஸ்பேட் இருந்தால் நீலமாகும் மாலிப்டேட் புட்டியை நீட்டினார். தெளித்துச் சூடுகாட்டியதும் மேலிருந்த இரண்டும் நீலமாயின. பாஸ்பேட் போகவே இல்லை! கீழிருந்த இரண்டும் அப்படியே நின்றன. அவற்றில் பாஸ்பேட்டும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வெறும் காரமூலங்கள்: குவானின், அடினின். நான் எழுதிய நான்கு பெயர்களில் ஒன்றுகூட உண்மையில்லை. அந்தப் பென்சில் எழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெந்நீர்த்தொட்டி:
எனக்கும் இதே கதைதான். நேரம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து 20 நிமிடத்தில் நிறுத்தினேன். பியூரின் (அடினின், குவானின்) அப்போதும் கழன்றுதான் வந்தது, பிரிமிடின் (சைட்டோசின், யுராசில்) பக்கம் முழுதாக உடையாத துண்டுகள் வேறு. நேரத்தை இன்னும் நுணுக்கமாகப் பிடித்தால் நடுவில் நியூக்ளியோசைடு கிடைக்கும் என்றே இன்றும் தோன்றுகிறது.

கூழ்க்குழாய்:
கிடைக்காது, வெந்நீர்த்தொட்டி. அமிலத்தில் பியூரினுக்கும் சர்க்கரைக்கும் உள்ள பிணைப்புதான் முதலில் அறுகிறது, பாஸ்பேட் பிறகுதான். அந்த வரிசையைக் கடிகாரம் மாற்றாது. நியூக்ளிக் அமிலங்களை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவரான லெவீன் காலத்திலேயே பியூரின் நியூக்ளியோசைடுக்கு அம்மோனியாவில், அழுத்தத்தில்தான் சூடாக்கினார்கள்.

என் அனுபவம் சிறியது: குளிர்பெட்டியில் வைத்த குவானோசின் (குவானினின் நியூக்ளியோசைடு) கரைசல் மறுநாள் கூழாகிவிட்டது. குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. சூடாக்கியதும் மறுபடி நீர்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நியூக்ளியோசைடு எடுக்கும் காரவழியைச் சொல்கிறேன். 0.3 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 37 டிகிரி, 18 மணி நேரம். அவசரப்பட்டால் சர்க்கரையோடு வளையமாக மூடிய பாஸ்பேட் மிஞ்சும், பாஸ்பேட்டை நீக்கும் நொதியான பாஸ்படேஸ் அதைத் தொடாது. பிறகு பெர்குளோரிக் அமிலம் விட்டு நடுநிலையாக்கிப் பனிக்கட்டியில் வையுங்கள். வெள்ளையாகப் படியும் பொட்டாசியம் பெர்குளோரேட்டைச் சுழற்றி ஒதுக்குங்கள். அதன்பின் கார பாஸ்படேஸ். பாஸ்பேட் பஃபர் (அமில-கார அளவை நிலையாக வைக்கும் கரைசல்) கூடாது, உலோக அயனிகளைப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. கலந்த பஃபரும் கூடாது. நொதியின் துத்தநாகத்தை அது பிடுங்கிக்கொள்ளும். ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதியான நியூக்ளியேஸ் பி1 வாங்க முடிந்தால் காரமே வேண்டாம்.

பழைய மாணவி:
இந்தக் காரக் குறிப்பை நம்பித்தான் நான் டி.என்.ஏ.வை இரவு முழுவதும் வைத்தேன். காலையில் இழை இழையாக அப்படியே திரும்பி வந்தது. காரம் வெட்டுவதற்கு வேண்டிய, சர்க்கரையின் 2' ஹைட்ராக்சில் இல்லாத மூலக்கூற்றைக் காரம் என்ன செய்யும்? அதையும் முதலிலேயே எழுதியிருக்கலாம், கூழ்க்குழாய்.

கூழ்க்குழாய்:
தலைப்பிலேயே ஆர்.என்.ஏ. என்றுதான் இருக்கிறது.

பிப்பெட்:
அறிவுரை கேட்டு நான் எழுதவில்லை. அந்த வெளிர்நீலப் புள்ளியைப் பார்த்து ஏமாந்த இன்னொருவர் இருக்கிறாரா என்றுதான் கேட்டேன்.