வீட்டு மின்சாதனங்களில் வோல்ட், ஆம்பியர், ஓம் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து:

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றில் அறை எடுத்து மூன்று பேர் தங்கியிருக்கிறோம். எனக்குக் கட்டுமானத் தளத்தில் எலக்ட்ரிக்கல் வேலை. போன மாதம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் ஓடிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தேன். பிளக்கைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

கெட்டில் 2200 வாட், அயர்ன் 2400 வாட். இங்கே 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 9.6, 10.4. மொத்தம் 20 ஆம்பியர். பிளக்குக்குள் இருப்பதோ 13 ஆம்பியர் ஃபியூஸ். “பிறகு ஏன் அண்ணே ஃபியூஸ் போகவில்லை?” என்று அறைத்தம்பி கேட்டான். ஒன்றரை மடங்கு ஓட்டம் போனாலும் அந்த ஃபியூஸ் அரை மணி நேரம்கூடத் தாங்கும். ஷார்ட் ஆனால் உடனே போகும், இப்படிப் பாரம் கொஞ்சம் கூடினால் போகாது. இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் 20 ஆம்பியர் மட்டும் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை கெட்டிலை மட்டும் மாட்டி, ஒரே நிமிடம் ஓடவிட்டு அளந்தேன். (வேலை தெரியாதவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.) சுவரில் 232 வோல்ட், எக்ஸ்டென்ஷனில் பக்கத்துத் துளையில் 226. வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்தே ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 9.4 ஆம்பியர். கிளாம்பை ஒற்றை வயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும்.

நடுவில் 6 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை: 6 வகுத்தல் 9.4 என்றால் 0.64 ஓம். பெருக்கினால் வீணாகச் சூடாகும் வாட்: 6 பெருக்கல் 9.4 என்றால் 56 வாட். வயர் 5 மீட்டர், 1.25 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக வர 10 மீட்டருக்குச் சுமார் 0.14 ஓம்தான் வரும். மீதி அரை ஓம் எங்கே? பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். லைவ் வயரை (மின்சாரம் வரும் வயரை) பிடிக்கும் திருகு தளர்ந்திருந்தது, செம்பு இழைகள் கறுத்துக் கிடந்தன. அந்த அரை ஓமில் 44 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 40 வாட் என்றால், அதையே பிளக்குக்குள் வைத்து மூடியது போல. மின்னோட்டம் இரட்டிப்பானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும். காலையில் நடந்தது அதுதான்.

தோ பாயோவிலிருந்து:

அண்ணே, படித்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கே பயன்படுத்திய காபி மேக்கரைக் கொண்டுவந்து கொடுத்தான். 120 வோல்ட், 900 வாட் என்று அடியிலேயே எழுதியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. பயண அடாப்டர் போட்டு மாட்டினேன். சில விநாடியில் புகை. நல்லவேளை, இங்கே சுவர்ப் பிளக்கில் சுவிட்ச் இருக்கிறது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள்தான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் தடை: 120-ஐ 120-ஆல் பெருக்கி 900-ஆல் வகுத்தால் 16 ஓம். அதே 16 ஓமுக்கு 230 வோல்ட் கொடுத்தால் 14.4 ஆம்பியர், 3300 வாட்! வோல்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வாட் மூன்றரை மடங்குக்கு மேல். அடாப்டர் துளையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இதை அன்றுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஊரிலிருந்து சாமான் கொண்டுவருபவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இந்தியாவிலும் 230தான். ஜப்பானில் அரிசிக் குக்கர் வாங்குபவர்கள் கவனியுங்கள், அங்கே 100 வோல்ட்.

உட்லண்ட்ஸிலிருந்து:

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் துணைப்பாடம் எடுக்கிறேன். ஒரு மாணவி பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்துவந்து, “கணக்குப்படி 882 ஓம் வர வேண்டும், மீட்டர் 65 காட்டுகிறதே” என்றாள். கணக்கும் சரி, மீட்டரும் சரி. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரியை நெருங்கும், தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். இழை குளிர்ந்து தடை குறைவாக இருக்கும் முதல் நொடியில் ஓட்டம் பல மடங்கு பாயும்; பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் போவது அதனால்தான்.

கெட்டிலில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் கம்பி நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) வகை, சூடானாலும் தடை அதிகம் மாறாது. குளிர்ந்த கெட்டிலை அன்றே அளந்து காட்டினேன், 24 ஓமுக்குப் பக்கத்தில் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பாடப்புத்தகத்தில் இருந்த சூத்திரம் அவள் வீட்டு அடுக்களைக்கு வந்துவிட்டது.

ஜூரோங் வெஸ்ட் தம்பி, புது எக்ஸ்டென்ஷன் வாங்கினீர்களா? அதையும் அளந்தீர்களா?

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து:

வாங்கினேன் சார். சுவரில் 232, எக்ஸ்டென்ஷனில் 230.4, ஓட்டம் 9.6 ஆம்பியர். 1.6 வோல்ட்தான் இறங்குகிறது, 0.17 ஓம். அந்த 15 வாட்டும் 5 மீட்டர் வயர் முழுக்கப் பரவிப் போய்விடுகிறது, பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. அயர்ன் இப்போது நேராகச் சுவரில்தான். கருகிய பிளக்கை வீசாமல் வைத்திருக்கிறேன், தளத்தில் புதிதாக வரும் தம்பிகளுக்குக் காட்ட.