தற்காலிக மெயில் பெட்டியும் டெஸ்ட் ஸ்கிரிப்டும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

இரவுஷிஃப்ட்:
மெயிலில் வரும் ஆறு இலக்க ஓடிபியை எடுத்து ஃபார்மில் போடும் டெஸ்ட், எல்லாரும் எழுதியிருப்பீர்கள். நம்முடையது பைதான், மெயில்.டிஎம் என்ற தற்காலிக மெயில் சேவையின் ஏபிஐக்கு (ஸ்கிரிப்ட் நேராகப் பேசும் வழி) மேல் ஒரு சின்ன லைப்ரரி. டொமைன் கேள், அக்கவுண்ட் உருவாக்கு, டோக்கன் வாங்கு, மெயில் வரும் வரை தட்டிக்கொண்டே இரு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மார்க்கெட்டிங் ஆட்கள் மெயில் டெம்ப்ளேட்டை அழகாக்கினார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து ஓடிபி தப்பு, தப்பு, தப்பு. லாகைப் பார்த்தால் எல்லா ரன்னிலும் ஒரே எண்: 333333. ரேண்டம் ஜெனரேட்டர் செத்துவிட்டது என்று பேக்எண்ட் அண்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மெயிலின் ஹெச்டிஎம்எல்லைத் திறந்து காட்டினார். எழுத்தின் நிறம் #333333. ரீஜெக்ஸ் (எழுத்துக்குள் வடிவம் தேடும் விதி) முதலில் கண்ணில் பட்ட ஆறு இலக்கத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

மதுரைக்காரி_க்யூஏ:
😂 எனக்குத் தமிழால் வந்தது. சப்ஜெக்டில் 'கடவுச்சொல்' இருந்தால் அந்த மெயிலை எடு என்று டெஸ்ட். ஆங்கில மெயில் பாஸ், தமிழ் மெயில் டைம்அவுட். பெட்டியில் மெயில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். லைப்ரரி கொடுத்த சப்ஜெக்டை பிரிண்ட் செய்தால் 'உங்கள் கணக்கின்' என்பதோடு நிற்கிறது! சப்ஜெக்ட் போன்ற ஹெட்டரில் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறி) தவிர வேறு எழுத்து வந்தால் ஆர்எஃப்சி 2047 என்ற மெயில் விதிப்படி பொட்டலம் கட்டவேண்டும், ஒரு பொட்டலம் 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. தமிழில் க ஒன்று, புள்ளி ஒன்று, ஒவ்வொன்றும் 3 பைட், அதை பேஸ்64 முறையில் ஆஸ்கியாக மாற்றினால் 4 எழுத்து. இரண்டு சொல்லிலேயே பொட்டலம் நிரம்பிவிடும். லைப்ரரி முதல் பொட்டலத்தை மட்டும் அவிழ்த்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டது. ஆங்கிலத்தில் 'password' என்று மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிட்ட லைப்ரரி, வேறென்ன.

பழையசர்வர்:
எங்கள் ஆபீஸில் நடந்தது சுருக்கமாக: பாஸ்வேர்டே இல்லாத பொதுப்பெட்டிச் சேவை, பெயர் தெரிந்தவர் யாரும் திறக்கலாம். 'க்யூஏ1' என்று பெட்டி வைத்திருந்தார்கள். லாகில் யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டு அறிவிப்பு வந்து நின்றது, முழுப்பெயரோடு.

இரவுஷிஃப்ட் தம்பிக்கு: முதலில் ஏன் வெளியே போகிறீர்கள்? மெயில்பிட், நம் மெஷினிலேயே ஓடி மெயிலைப் பிடித்துவைக்கும் டெஸ்ட் சர்வர், அதை டாக்கரில் ஏற்றுங்கள். ஆப் மெயில் அனுப்பும் எஸ்எம்டிபியை 1025 போர்ட்டுக்குத் திருப்புங்கள், 8025-இல் பிரவுசரிலும் ஏபிஐயிலும் படிக்கலாம். இதே வேலை செய்யும் மெயில்ஹாக் வேண்டாம், அதை யாரும் பராமரிப்பதில்லை. ரீஜெக்ஸை ஹெச்டிஎம்எல் மீது ஓட்டாதீர்கள், ப்ளெயின் டெக்ஸ்ட் பகுதியை எடுங்கள். பைதானின் ஈமெயில் மாட்யூலில் பாலிசியை டிஃபால்ட் என்று கொடுத்து மெயிலைப் பார்ஸ் செய்தால் சப்ஜெக்ட் முழுதாக அவிழ்ந்து வரும், அந்தத் தங்கைக்கும் இதுவே பதில். ஒவ்வொரு ரன்னுக்கும் பெட்டிக்குப் புதுப் பெயர், யூயூஐடி (திரும்ப வராத அடையாள எண்) சேர்த்து. பழைய ஓடிபியைப் படிக்கும் கூத்தும் நிற்கும். ஸ்லீப் போட்டுக் காத்திருக்காதீர்கள், மெயில் வந்ததா என்று விட்டு விட்டுக் கேளுங்கள், நேர உச்சவரம்போடு.

ட்ரயல்ராஜா:
சார், ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லையே. மெயில்பிட்டுக்குள் அனுப்பினால் எல்லா மெயிலும் போய்ச் சேரும். அனுப்புநர் உண்மையானவரா என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் சரியா, பத்து நிமிடம் தாமதமாகிறதா, அதெல்லாம் வெளியே அனுப்பினால்தான் தெரியும். எனக்கு நடந்தது வேறு. ஒரு தளத்தில் ஸ்கிரிப்ட் பதிவு செய்யப் போனபோது 'இந்த முகவரி ஏற்கப்படாது'. தற்காலிக டொமைன் பட்டியலே கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது, அதை வைத்துத் தடுக்கிறார்கள். பைதான் லைப்ரரிகளின் கிடங்கான பைபிஐ 2024 ஜூனில் பாட் பதிவுகள் தாங்காமல் அவுட்லுக்.காம் முகவரியில் புதுப் பதிவையே நிறுத்தியது. உண்மையான ஆட்களும் மாட்டினார்கள்.

பழையசர்வர்:
உங்கள் பெயரைப் பார்த்தாலே எதற்குப் பதிவு செய்யப் போனீர்கள் என்று தெரிகிறது, இலவச ட்ரயலுக்குத்தானே. போய்ச் சேருகிறதா என்பதற்கு ஒரு டெஸ்ட் போதும். மொத்த சூட்டையும் வெளியே அனுப்பினால், மெயில்.டிஎம் ஒரு ஐபிக்கு நொடிக்கு 8 அழைப்புதான் தரும், அப்புறம் 429, அதாவது 'அளவுக்கு மீறிய அழைப்பு' என்ற பிழை.

ட்ரயல்ராஜா:
பெயரை விடுங்கள் சார். அந்த ஒரு டெஸ்ட்டைப் பற்றித்தான் நானும் பேசுகிறேன்.

கோவை_பில்ட்:
நடுவில் வருகிறேன். எனக்கு ஓடிபி இல்லை, லிங்க். கிளிக் செய்தால் 'டோக்கன் செல்லாது'. முகவரியில் '=' இருந்த இடத்திலெல்லாம் பின்னால் 3டி ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு '=' போட்டு வரியும் உடைந்திருந்தது. கோட்டட் பிரிண்டபிள் என்ற மெயில் குறியாக்கம், 76 எழுத்துக்கு ஒரு வரி. லைப்ரரி மூல மெயிலை அப்படியே கையில் கொடுத்துவிட்டது. பைதான்காரர்களுக்கு வழி சொல்லிவிட்டீர்கள். கோ மொழியில் இதை யார் என்ன வைத்துப் படிக்கிறீர்கள்?